ஊன்று கால்

கல்முனை

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடை. பையை மேசையில் வைத்தேன். சிப் முழுதாகப் பூட்டப்படவில்லை. பந்தின் ஒரு முனை வெளியே எட்டிப் பார்த்தது. பிளேன்டி கொண்டுவந்த முதலாளி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"இதென்ன சேர், பலாக்கொட்ட மாதிரி?"

"பந்து."

"பந்தா? எந்தப் பக்கம் உருளும்?"

எனக்கும் தெரியாது என்றேன். உண்மைதான். ஒரு வருடமாக என் வீட்டில் கிடக்கிறது; அது எந்தப் பக்கம் உருளும் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அக்காவின் மகன் விட்டுவிட்டுப் போன பந்து அது. அவன் அமெரிக்காவில், ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவன். போன ஓகஸ்டில் யாழ்ப்பாணம் வந்து நின்ற மூன்று கிழமையும் எங்கள் முற்றத்தில் இதை உதைத்து, அயல்வீட்டு முருங்கையின் கொப்பு இரண்டை முறித்தான். திரும்பிப் போகும்போது பெட்டியில் நிறை கூடிவிட்டது, பந்து எனக்கானது. இந்த வருடம் பல்கலைக்கழக அணியொன்றில் கிக்கராகச் சேர்ந்திருக்கிறான். சேர்ந்திருக்கிறான் என்பது கொஞ்சம் பெரிய சொல். புலமைப்பரிசில் இல்லை, அழைப்பும் இல்லை. தானாகப் போய் "நானும் உதைப்பேன்" என்று நின்று, தேர்வில் தப்பிப் பிழைத்தவன். அவர்கள் அதை வோக்-ஒன் என்கிறார்கள். அணியிலுள்ள நாலு கிக்கர்களில் அவன் நாலாவது.

அமெரிக்கன் புட்போலில் மற்றவர்கள் மாடுகள் மாதிரி முட்டிக்கொள்ள, கிக்கர் மைதானத்தின் ஓரத்தில் ஒரு வலைக்குள் தனியாக உதைத்துக்கொண்டிருப்பான். ஒரு ஆட்டத்தில் நாலைந்து தரம்தான் உள்ளே கூப்பிடுவார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவால், குறுக்குத் தடிக்கு மேலால் பந்தை அனுப்பவேண்டும். பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோகும் டச்டவுனுக்குப் பிறகென்றால் 1 புள்ளி, மற்றப்படி 3; அதற்குப் பீல்ட் கோல் என்று பெயர். அனுப்பினால் அது அவன் கடமை. தவறினால் ஆட்டமே அவனால் தோற்றது.

"அங்க ஒருத்தரும் கிக்கரோட கதைக்கிறேல்ல மாமா," என்று ஒருநாள் போனில் சொன்னான். "அடிக்க முதல் கதைச்சா ராசியில்லையாம். பிழைச்சாப்பிறகு கதைக்க ஆளே இல்ல."

ஒலுவிலில் படிப்பிக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். "பந்தையும் எடுத்துக்கிட்டு வாங்க. எங்கட கடற்கரைப் பொடியன்கள் உதைக்காத சாமானா?" என்றார். அப்படித்தான் இந்தப் பந்து மட்டக்களப்பு வழியாகக் கல்முனைக்கு வந்து சேர்ந்தது.

காலை ஒன்பது மணிக்கே கல்முனைச் சந்தை உச்சத்தில் இருந்தது. அறக்குளா, பாரை, சூரை என்று மீன்கள் வாயைப் பிளந்தபடி கிடந்தன. எருமைத் தயிர்ச் சட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆளுயரத்துக்கு நின்றன. வடக்கே மருதமுனையில் நெய்த சாரன்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் விலை சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கடையில் புட்டும் மாட்டிறைச்சிக் கறியும். யாழ்ப்பாணத்துப் புட்டு உதிரும். இது கறியை உள்ளே இழுத்துக்கொண்டு அடங்கி உட்கார்ந்திருந்தது. எது நல்லது என்று எழுதினால் எனக்கு எங்கள் ஊரில் சோறு கிடைக்காது.

காரைதீவு, நிந்தவூர்

தெற்கே போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடியாது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். மினாரா, பிறகு கோபுரம், பிறகு மினாரா. கல்முனைக்குடியில் கடலோரமாக நிற்கும் பள்ளிவாசலில் நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றுகிறார்கள். காரைதீவு விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். இரண்டுக்கும் இடையில் பஸ்ஸில் சில நிமிடம்தான். 2004 டிசம்பர் 26 அன்று கடலுக்கும் இந்த எல்லைகள் தெரியவில்லை. இலங்கையில் அன்று அதிகம் உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கு மேல்.

காரைதீவு தாண்டியதும் வலப்பக்கம் வயல் திறந்துகொண்டது. ஆறில்லாத ஊரில், கிணற்றை நம்பிப் பிறந்தவன் நான். இவ்வளவு தண்ணீரையும் இவ்வளவு நெல்லையும் ஒரே பார்வையில் காண்கிறபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. சிறுபோக வெள்ளாமை வெட்டும் காலம். வெட்டு மெசின் போன தடத்தில் கொக்குகள் வரிசை கட்டி நடந்தன. கச்சான் காற்று வயலைத் தடவிக்கொண்டு வந்து வைக்கோல் மணத்தை பஸ்ஸுக்குள் வீசியது. இந்தக் காற்றைப் பிறகு இன்னொரு விதமாக அறிந்துகொள்ளப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

நண்பரின் வீடு நிந்தவூரில். அவருடைய உம்மா பாயை விரித்து, தட்டுகளை வைத்துவிட்டு, தான் உட்காராமல் நின்றார். பாரை மீன் ஆணம், முருங்கையிலைப் பாலாணம், கீரைச் சுண்டல், வாழைக்காய்ப் பொரியல். கடைசியில் தயிரும் பாணியும்.

"இன்னும் கொஞ்சம் போடட்டா மனே?"

ஐம்பது தாண்டிய என்னை மகனே என்று கூப்பிட ஒரு குரல் மிச்சம் இருந்தது. போடச் சொன்னேன்.

பந்தின் கதையை நண்பர் சொல்ல, உம்மா கவனமாகக் கேட்டார். "அந்தப் புள்ள உதைக்க மட்டுமா அங்க போயிருக்கு?"

"இல்ல உம்மா, படிக்கவும் செய்யுறான்."

"உதைச்சாச் சம்பளம் குடுப்பாங்களா?"

"இல்ல."

"பிழைச்சா?"

"ஏசுவாங்க."

உம்மா முகவாயில் கைவைத்தார். அமெரிக்கக் கல்லூரி வோக்-ஒன் கிக்கரின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. இலங்கையில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். அமெரிக்கர் பல்கலைக்கழகத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் ஒரு இலட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அத்தனை கண்களுக்கும் முன்னால் ஓடிவந்து உதைப்பவன் திங்கட்கிழமை காலை வகுப்புக்குப் போகவேண்டிய பத்தொன்பது வயதுப் பிள்ளை.

பிறகு உம்மா கேட்டார்: "யாழ்ப்பாணத்துல எந்தப் பக்கம்?"

சொன்னேன். அவர் தலையாட்டினார், வேறொன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு உறுத்தியது. 1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களைச் சில மணி நேரத்துக்குள் வெளியேறச் சொல்லி விடுதலைப் புலிகள் துரத்தினார்கள். எங்கள் வகுப்பில் இரண்டு இருக்கைகள் வெறுமையாகின. அதில் ஒருவன்தான் எங்கள் வகுப்பு அணிக்குப் பெனால்டி உதைப்பவன். அடுத்த ஆட்டத்தில் பெனால்டி கிடைத்தபோது, யார் உதைப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். இதை அந்த வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. தயிரைச் சாப்பிட்டேன்.

ஒலுவில்: பல்கலைக்கழகம்

களியோடைப் பாலத்தைத் தாண்டினால் ஒலுவில். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மதில் பிரதான வீதியோரமாக நீண்டு போகிறது. போர்க்காலத்தில் வந்தாறுமூலைக்குப் போய்க் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்க முடியாமல்போன முஸ்லிம் மாணவர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப்பின் முயற்சியில் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. அடுத்த மே மாதமே முழுப் பல்கலைக்கழகம். இன்றைக்குச் சிங்கள மாணவர்களும் தமிழ் மாணவர்களும் நிறையப் பேர். சிற்றுண்டிச்சாலை வரிசையில் மூன்று மொழிகளும் ஒன்றையொன்று முழங்கையால் இடித்துக்கொண்டு நிற்பதைக் கேட்டேன்.

மைதானத்தில் மூன்று ஆடுகளும் ஒரு மாணவனும். ஆடுகள் கோல் வாயில் மேய்ந்தன. மாணவன் பெனால்டிப் புள்ளியில் பந்தை வைத்து, உதைத்து, போய் எடுத்துவந்து, திரும்பவும் வைத்து உதைத்தான். ஆடுகளுக்கு அது பழகிவிட்டது. பந்து வரும்போது தலையை மட்டும் தூக்கும். முகாமைத்துவ பீடத்தில் இரண்டாம் வருடம், மருதமுனைக்காரன், இடக்கால்காரன் என்று நண்பர் அறிமுகம் செய்தார். பீடங்களுக்கிடையிலான ஆட்டமொன்றில் கடைசி நிமிடப் பெனால்டியைத் தவறவிட்டவனாம். அதற்குப் பிறகு பின்னேரமானால் இங்கேதான்.

பையிலிருந்த பந்தைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி முனையைத் தடவினான், தையலைத் தடவினான், மூக்கருகே வைத்து மணந்தான்.

"இது கிறுகுமா சேர்?"

கிறுகுமா என்றால் சுழலுமா, திரும்புமா என்று இரண்டும். எங்கள் பக்கத்தில் நான் அதிகம் கேட்காத சொல். அந்தப் பந்துக்கு அதைவிடப் பொருத்தமான வினைச்சொல் இல்லை.

புல்லில் உட்கார்ந்தோம். 2012இல் கொழும்பு சுகததாச அரங்கில் இந்த ஆட்டத்தை ஆடினார்கள், கொழும்பு லயன்ஸ் என்று ஒரு அணிகூட இருந்தது என்றார் நண்பர். இந்தியாவை மையமாக வைத்துத் தொடங்கிய அந்தத் தொடர் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. மாணவனுக்கு அதில் ஆர்வமில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்: "சேர்ர மருமகன் மாதிரி வெளிய இருந்து போன ஆரும் இதுல பெரிய ஆளா வந்திருக்காங்களா?"

மருமகன் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமாகிப்போன கதை யங்ஹோ கூவுடையது. 1994இல் தென்கொரியாவின் சியோலில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் அமெரிக்காவுக்கு, நியூ ஜேர்சிக்கு. ஆங்கிலம் அநேகமாகத் தெரியாது, உதைக்கத் தெரியும். கொரியாவில் கால்பந்து ஆடிய கால். அந்தக் கால்தான் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் நண்பர்களைத் தேடிக்கொடுத்தது. ஜோர்ஜியா சதர்ன் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம். 2016இல் 20 பீல்ட் கோல்களுக்கு முயன்று 19ஐப் போட்டார். நாட்டின் சிறந்த கல்லூரிக் கிக்கருக்கான லூ குரோசா விருதின் இறுதிச் சுற்று வரை போனார். ஆனாலும் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தெரிவுசெய்யும் நாளில் ஒருவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. முயற்சி பார்க்கக் கூப்பிட்ட சார்ஜர்ஸ் அணியில் இடம்பிடித்தார்.

2017 செப்டெம்பர் 11, முதல் ஆட்டம், டென்வரில். கடைசி விநாடிகள், 44 யார், ஏறக்குறைய 40 மீற்றர், போட்டால் சமநிலை. உதைத்தார். நடுவால் போனது.

மாணவன் கையைத் தட்டினான்.

"பொறு. உதைக்கிறதுக்கு ஒரு கணம் முதல் எதிரணி நேரம் கேட்டிருக்கு. அந்த உதை செல்லாது."

"என்ன?"

"திரும்ப உதைக்கவேணும். ரெண்டாவதைத் தடுத்துப்போட்டாங்கள்."

"இது அநியாயம் சேர்!" அவன் எழுந்தே விட்டான். தனக்கு நடந்ததுபோல முகம் சிவந்திருந்தது. அடுத்த வாரமும் கூவுக்கு அதே 44 யாரிலிருந்து கடைசி நேரத்தில் ஒன்று, வெளியே போனது. நாலு ஆட்டத்தோடு அணி அவரைக் கைவிட்டது. பிறகு 2019இல், பருவம் முடியுமுன்னே மூடப்பட்ட ஒரு சின்னத் தொடரில் உதைத்தார். அதே வருடக் கடைசியில் அட்லாண்டா பல்கன்ஸ் அழைத்தது. 2020இல் 39 முயற்சியில் 37. அந்த வருடத்துச் சிறந்த வீரர்களின் வரிசையில் சேர்ந்தார்.

"இடையில ரெண்டு வருஷம் என்ன செஞ்சாராம்?" என்றான் மாணவன்.

"உதைச்சுக்கொண்டிருந்திருப்பார்."

மைதானத்தைப் பார்த்தபடி கொஞ்சநேரம் இருந்தான். பிறகு, நான் கேட்காமலே சொன்னான்: "அண்டைக்கு நான் பிழைச்சது இந்தக் காலால இல்ல சேர்." இடக்காலைக் காட்டினான். "எல்லாரும் உதைக்கிற காலத்தான் பாக்காங்க. ஊன்றின கால் சறுக்கிட்டு. மழை பெய்ஞ்ச புல்லு. ஒரு சாண் பின்னுக்கு ஊன்றினா பந்து மேலால போயிரும். வலக்கால் சரியா நிண்டா இடக்கால் தானா வேலை செய்யும்."

அவன் பந்துகளை வைத்து உதைத்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். பெனால்டிப் புள்ளிக்கு வலப்புறம், ஒரு பாத அளவுக்குப் புல் செத்து மண் தெரிந்தது.

ஒலுவில்: கடற்கரை

பொழுது சாயும் நேரம் கடற்கரைக்குப் போனோம். துறைமுகத்துக்கு வடக்கே, வாடிகளுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பொடியன்கள் வெறுங்காலோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்தைக் கண்டதும் ஆட்டம் நின்றது.

அமெரிக்கக் கம்பங்களுக்கு இடையில் 5.64 மீற்றர், குறுக்குத் தடி நிலத்திலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில். அருகருகே நின்ற இரண்டு தென்னைகளுக்கு இடையை நண்பர் கவடு வைத்து அளந்தார். ஏழு கவடு. "சரியா வருது" என்றார், ஒரு ஆய்வறிக்கையை ஒப்பமிடும் குரலில். ஒரு பொடியன் பல்லில் நைலோன் கயிற்றைக் கடித்துக்கொண்டு மரத்தில் ஏறி, என்னுடைய உயரத்தைப்போல இரண்டு மடங்கில் கட்டினான். கொஞ்சம் கூடுதல்தான். அவனிடம் யார் சொல்வது.

முதலில் உதைத்த ஐந்து பேரின் சொல்லையும் பந்து கேட்கவில்லை. ஒன்று தரையோடு ஓடியது, ஒன்று வாடிக் கூரையில் விழுந்து உள்ளிருந்து ஏச்சு வந்தது, ஒன்று பின்பக்கமாகவே போனது. மருமகன் வீடியோவில் காட்டியதை அரைகுறையாக விளக்கினேன். ஒருவர் பந்தை நட்டுக்கு நிறுத்தி மேல் முனையை ஒரு விரலால் பிடிக்கவேண்டும். உதைப்பவர் மூன்று அடி பின்னுக்கு, இரண்டு அடி பக்கவாட்டுக்கு. சாய்ந்து வந்து, பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே, புறங்கால் எலும்பால். உண்மையான ஆட்டத்தில் பந்து ஆறு மீற்றருக்கு மேல் பின்னோக்கி எறியப்பட்டு, பிடிக்கப்பட்டு, நிறுத்தப்பட்டு, உதைபடுவதெல்லாம் ஒன்றேகால் விநாடி அளவில் முடிந்துவிடும். கண்ணை மூடித் திறப்பதற்குள் என்றேன். ஒரு சின்னவன் கண்ணை மூடித் திறந்து பார்த்தான்.

விரலால் பிடிக்க அந்தச் சின்னவனையே வைத்தோம். மருதமுனைக்காரன் பக்கவாட்டில் போய் நின்றதும் அவன் பந்தை விட்டுவிட்டு ஓடினான்.

"ஏன்டா?"

"எனக்குத்தான் அடிக்கப் போறீங்க காக்கா!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு பீற்றர் கோகொலாக்கின் ஞாபகம். ஹங்கேரியில் 1956 கிளர்ச்சி நசுக்கப்பட்ட பின் பெற்றோரோடு தப்பி அமெரிக்கா போன பையன். அவன் சேர்ந்த நியூயோர்க் மாநிலத்துப் பள்ளிக்கூடத்தில் கால்பந்து அணி இல்லை. வேறு வழியின்றி இந்த ஆட்டத்துக்குப் போனான். அதுவரை அமெரிக்கக் கிக்கர்கள் நேராக ஓடிவந்து கால்விரல் நுனியால் குத்துவார்கள். இவன் கால்பந்துக்காரன் மாதிரிச் சாய்ந்து வந்து நின்றான். பந்தைப் பிடித்திருந்தவர் தன்னைத்தான் உதைக்கப்போகிறான் என்று பயந்தாராம். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அப்படியே உதைத்தான். 1964இல் பபலோ பில்ஸ் அணிக்குப் போனான். பின்னால் எல்லாரும் அவன் மாதிரியே சாய்ந்து நிற்கத் தொடங்கினார்கள். நேராக உதைப்பவர்கள் இன்று இல்லை. அகதியாய் வந்தவனுடைய பழக்கம் அந்த நாட்டின் வழக்கமாகிவிட்டது. 1976இல் டெக்சாசில் 69 யாரிலிருந்து போட்டு, கல்லூரி ஆட்டத்தின் மிகத் தூரமான பீல்ட் கோலைப் பதிந்த ஓவ் யோஹான்சனும் சுவீடனிலிருந்து போனவர்தான்.

சின்னவனைச் சமாதானம் பண்ணித் திரும்ப இருத்தினோம். கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை நீட்டினான்.

இப்போது காற்று. பகல் முழுதும் வயலில் வைக்கோல் மணத்தோடு வந்த கச்சான் இங்கே கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. நாங்கள் கரையோரமாக வடக்குப் பார்த்து நிற்கிறோம். தூக்கின பந்தை அது வலப்பக்கம், கடலுக்குள் தள்ளும். வலக்கால்காரன் உதைத்தால் பந்து இடப்பக்கம் வளையும், காற்றும் வளைவும் ஒன்றையொன்று அடக்கிவிடும். இடக்கால்காரனுக்கு இரண்டும் ஒரே பக்கம். அவனுடைய முதல் உதை அழகாக எழுந்து, கயிற்றின் உயரத்தைக் கடந்து, வளைந்து வளைந்து போய்க் கடலில் விழுந்தது. தோணியில் வலை சீர்படுத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் துடுப்பால் அதைக் கோலி எடுத்து, "இது என்ன மீன்டா?" என்று கரைக்கு எறிந்தார்.

ஆனால் அவனைத் தொந்தரவு பண்ணியது காற்றல்ல, மணல். ஊன்றும் கால் கணுக்கால் வரை புதைகிறது. இரண்டாவது உதைக்குப் பிறகு அவன் பேசாமல் போய் ஒரு வாளியில் கடல்நீர் அள்ளிவந்தான். பந்துக்கு அருகே ஒரு முழ இடத்தில் ஊற்றி, மிதித்து, திரும்ப ஊற்றி, திரும்ப மிதித்தான். சிமெந்துத் தரை போடும் மேசனின் பொறுமை. பொடியன்கள் அலுத்துப்போய்த் தங்கள் உருண்டைப் பந்துக்குத் திரும்பிவிட்டார்கள். சின்னவன் மட்டும் விரலை எடுக்கவில்லை.

நான் போனை எடுத்து வீடியோவைத் தொடங்கினேன். அவன் தென்னைகளைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் வெகுதூரம் தள்ளியிருந்த ஒரு வாடியின் கூரையைப் பார்த்தான். மூன்று அடி, இரண்டு அடி. சத்தம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. தேங்காய் உடைக்கிற சத்தம். பந்து கூரையை நோக்கிப் போனது, மனம் மாறினதுபோல் கிறுகியது, காற்றில் ஏறி உட்கார்ந்து, இரண்டு தென்னைகளுக்கும் நடுவால், கயிற்றுக்கு மேலால் போனது.

சின்னவன் கண்ணைத் திறந்து, "போயிட்டா?" என்று கேட்டான்.

ஒலுவில்: துறைமுகம்

இருட்டுவதற்குமுன் துறைமுகப் பக்கமாக நடந்தோம். அஷ்ரப் துறைமுக அமைச்சராக இருந்து கண்ட கனவு. அவர் காலத்து வெளிச்சவீடு கரையில் நிற்கிறது. 2000 செப்டெம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் இறந்தார். டென்மார்க் கடனில் கட்டி, 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி துறைமுகத்தைத் திறந்தார்கள். பெரிய கப்பல்கள் வந்து போகும் என்றார்கள். வந்தது மணல். இந்தக் கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டேயிருக்கிறது. கடலுக்குள் நீட்டிய கல்லணைகள் அதை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, வாயில் அடைபட்டது, மீன்பிடிப் படகுகள் வெளியேறவே தோண்டவேண்டியதாயிற்று. வடக்கே மணல் வராமல் கரை தின்னப்பட்டது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தோப்புகளும் காணிகளும் போயின.

தோணியில் பந்தை எடுத்துத் தந்த பெரியவர் கூட வந்தார். "எங்கட கடலுக்கு ஒரு நடை இருந்திச்சு சேர். குறுக்கால கால நீட்டினா அது விழத்தானே செய்யும்." கோபமாகச் சொல்லவில்லை. பீடி பற்றவைக்கக் காற்று விடவில்லை, அதற்குத்தான் கோபித்தார்.

பொடியன்கள் எங்கள் பின்னாலேயே வந்திருந்தார்கள். ஒருவன் கடலைக் காட்டினான். அலைக்குள் ஒரு தென்னை, வேரோடு, தலைகீழாக.

"முந்தி எங்கட கோல் அதுதான் சேர். மத்த மரம் இன்னும் உள்ளுக்குப் போயிட்டு."

"இப்ப இருக்கிற ரெண்டும்?"

அவன் திரும்பி, நைலோன் கயிறு கட்டிய மரங்களைப் பார்த்து, கடலுக்கும் அவற்றுக்கும் இடையைக் கண்ணால் அளந்தான். "இந்த மாரிக்குத் தாங்கும்."

கல்முனை, திரும்பும் வழி

பந்தைச் சின்னவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவன்தான் கடைசிவரை பிடித்திருந்தவன். மருதமுனைக்காரனுக்கு அதில் சிறிது வருத்தம், காட்டிக்கொள்ளவில்லை. பின்னேரம் கடற்கரைக்கு வருவதாகச் சின்னவனிடம் நேரம் பேசி வைத்துக்கொண்டதைக் கண்டேன். பல்கலைக்கழக வாசலில் இறங்கும்போது, அந்தக் கொரியாக்காரரின் பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கையில் எழுதிக்கொண்டான்.

இரவு பஸ்ஸில் வீடியோவை மருமகனுக்கு அனுப்பினேன். இங்கே எட்டு மணி. ஜோர்ஜியாவில் காலை, பயிற்சிக்குப் போகும் நேரம். சாய்ந்தமருதின் கடைவெளிச்சங்கள் ஜன்னலில் ஓடின. கொத்துரொட்டி வெட்டும் சத்தம் ஒரு கடையில் தொடங்கி அடுத்த கடையில் முடிந்தது. பெருமையாக, பதில் வரும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்கரை, தென்னை, கயிறு, காற்று என்று அவன் ஏதாவது வியந்து எழுதுவான் என்று நினைத்தேன்.

கல்முனை வந்தபோது பதில் வந்தது. குரல் பதிவு, பின்னால் விசில் சத்தங்கள்.

"நல்லா அடிக்கிறார் மாமா. ஆனா நீங்கள் பந்தை மட்டும்தான் எடுத்திருக்கிறீங்கள். மற்றக் கால் எங்க ஊன்றினவர் எண்டு தெரியேல்ல. இன்னொருக்கா எடுத்து அனுப்பேலுமோ?"